கைதட்டாத கச்சேரி

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் நியூயார்க்லேருந்து ஒரு லிஸனர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். அங்க புரூக்ளின்ல கிரீன்பாயிண்ட்னு ஒரு ஏரியா இருக்கு, போலந்துக்காரங்க நிறைய குடியேறின இடம். அவங்க தங்களுக்காகக் கட்டின சமுதாயக் கூடத்துக்குப் பேரு போலிஷ் நேஷனல் ஹோம். அந்தக் கட்டடத்துலதான் இப்போ 'வார்சா'ங்கிற மியூசிக் வென்யூ நடக்குது. ராக், பங்க் பேண்டுங்க எல்லாம் வந்து வாசிக்கும். பசிச்சா பியரோகி கிடைக்கும், நம்ம கொழுக்கட்டைக்குச் சித்தப்பா மகன் மாதிரி ஒரு பண்டம். "நம்ம ஊர்ல இப்படி ஒரு இடம் இருக்காடே?"ன்னு கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. ஏன்னா இதுல பாட்டுக்காகவே கட்டின ஹால் கிடையாது. ஹாலுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்காங்க, அவங்க வாசனை கச்சேரியிலயும் ஒட்டிக்கிடுது. அப்படி யோசிச்சப்போ எனக்கு உடனே ஞாபகம் வந்தது திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில இருக்கிற நவராத்திரி மண்டபம். பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்துல, குதிரமாளிகையை ஒட்டி இருக்கு. அந்த மண்டபத்துல ஒம்பது ராத்திரி கச்சேரி கேக்குறதுக்குன்னு வர்ற விருந்தாளி நம்ம மாவட்டத்துக்காரி. தக்கலை பக்கத்துல, பத்மநாபபுரம் அரண்மனையில இருக்கிற தேவாரக்கட்டு சரஸ்வதி.

"கேரளாவுல நடக்கிற கச்சேரிக்கு நம்ம ஊரு சாமி எதுக்கு?"ன்னு புது ஆளுங்க கேப்பீங்க. சுருக்கமா சொல்றேன். திருவிதாங்கூருக்கு முதல்ல தலைநகரம் பத்மநாபபுரம். 18ஆம் நூற்றாண்டோட கடைசியில தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறிப் போச்சு. ராஜா போனார், ஆபீஸ் போச்சு, ஆனா சரஸ்வதி இங்கயே இருந்துட்டா. கம்பர் வழிபட்ட சிலைன்னு ஐதீகம். அதனால வருஷா வருஷம் நவராத்திரிக்கு மட்டும் அவளை அங்க கூட்டிட்டுப் போறாங்க. துணைக்கு வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. தக்கலையிலேருந்து 50 கிலோமீட்டருக்கு மேல, நடந்தே. குழித்துறையில ஒரு ராத்திரி, நெய்யாற்றின்கரையில ஒரு ராத்திரி. அங்க போய்ச் சேர்ந்ததும் முருகன் ஆரியசாலை கோயில்ல தங்குவார், நங்கை செந்திட்டையில, சரஸ்வதி நவராத்திரி மண்டபத்துல.

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. அன்னையிலேருந்து இந்தப் பயணம் ரெண்டு மாநிலத்துக்கு இடையில நடக்கிற பயணமா மாறிப் போச்சு. அரண்மனை இருக்கிறது தமிழ்நாட்டுல, அதைப் பார்த்துக்கிறது கேரள அரசு. புறப்படும்போது உப்பரிகை மாளிகையில வச்சு ராஜாவோட வாளை எடுத்துக் கொடுப்பாங்க, ரெண்டு மாநில போலீசும் மரியாதை செய்யும், களியக்காவிளையில கேரளாக்காரங்க வரவேற்பாங்க. நான் டெக்னோபார்க் வேலைக்காக தினமும் ரயில்ல தாண்டுற அதே எல்லை. எனக்கு யாரும் பேண்ட் வாசிக்கிறதில்ல, அது வேற விஷயம்.

சரி, கச்சேரிக்கு வருவோம். இந்த மண்டபத்தோட செட்லிஸ்ட் உங்களுக்கு முன்னாடியே தெரியும். ஸ்வாதித் திருநாள் மகாராஜா நவராத்திரிக்குன்னே ஒம்பது கிருதி எழுதி வச்சிருக்கார், நாளுக்கு ஒண்ணு. முதல் நாள் சங்கராபரணம், அப்புறம் கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒம்பதாவது நாள் ஆரபி. அவர் 1846ல, 33 வயசுல இறந்துட்டார். வரிசை இன்னும் அதேதான். எவ்வளவு பெரிய வித்வானா இருந்தாலும், "எனக்குத் தோடி வேண்டாம், காம்போதி பாடுறேன்"னு சொல்ல முடியாது. நாலாம் நாள்னா தோடிதான்.

சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பம்னா 6 மணிக்கே ஆரம்பம். முதல்ல முல்லமூடு பாகவதர்கள் தோடயமங்களம் பாடுவாங்க, அதுக்கப்புறம் கச்சேரி. 8:30க்கு முடிஞ்சிரும். ராகம், தானம் எல்லாம் விஸ்தாரமா வரும். தானம் பாடும்போது கூடவே மிருதங்கமும் வாசிக்கிற வழக்கம் இங்க உண்டு. சென்னை சபாவுல பழகின காதுக்கு அது புதுசா இருக்கும். பொதுவா தானத்துக்கு மிருதங்கக்காரர் கையைக் கட்டிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார். இங்க தானம் தேர் மாதிரி அசைஞ்சு வரும்.

அப்புறம் அந்தப் பானைகள். மண்டபத்துல மேல பாத்தீங்கன்னா பெரிய பெரிய மண்பானைகளைத் தலைகீழா தொங்க விட்டிருப்பாங்க. ஒலிக்காகச் செஞ்ச ஏற்பாடு. காலி பாட்டில் வாயில ஊதினா 'பூம்'னு ஒரு சுரம் வருமில்லையா, அதே தத்துவம்தான். ஒவ்வொரு பானைக்கும் அதோட கொள்ளளவு, வாயளவைப் பொறுத்து ஒரு சுரம் இருக்கும். அந்த சுரம் அறைக்குள்ள வரும்போது பானைக்குள்ள இருக்கிற காத்தும் சேர்ந்து அதிரும். இயற்பியல்ல ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வுன்னு படிச்சிருப்பீங்க. ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைப் பத்தி எழுதினது 19ஆம் நூற்றாண்டு. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் 2000 வருஷத்துக்கு முன்னாடியே நாடக அரங்குகள்ல வெண்கலப் பாத்திரம் வைக்கிறதப் பத்தி எழுதியிருக்கார். ஐரோப்பாவுல பழைய சர்ச் சுவருக்குள்ள ஜாடி பதிச்சிருக்காங்க. நான் இந்த பாட்காஸ்ட் பதிவு பண்றதுக்கு சுவர் பூரா ஃபோம் ஒட்டி, மேல போர்வையைத் தொங்க விட்டு உட்கார்ந்திருக்கேன். அறையை முழுசா ஊமையாக்குறதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி. அங்க அறையையும் கூடச் சேர்ந்து பாட வச்சிருக்காங்க. பொறாமையாத்தான் இருக்கு.

ஆனா எனக்கு அங்க ரொம்ப விசித்திரமா இருந்தது வேற ஒண்ணு. யாரும் கைதட்ட மாட்டாங்க. பாட்டுக்கு நடுவுல கிடையாது, தனி ஆவர்த்தனம் முடிஞ்சும் கிடையாது, கச்சேரி முடிஞ்சும் கிடையாது. பாடுறவங்க நமக்காகப் பாடல. கேக்குறவ சரஸ்வதி. நாம சும்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கோம், அவ்வளவுதான்.

இது கேக்க சாதாரணமா இருக்கும். உட்கார்ந்து பாருங்க, புரியும். பெங்களூர்ல, கொச்சியில ஆயிரக்கணக்குல டிக்கெட் போட்டு நாம போற ஷோக்கள்ல பாதி நேரம் ஆடியன்ஸ்தான் ஷோ. கத்தணும், கை தூக்கணும், போன் டார்ச் அடிக்கணும். கர்நாடக சபாவுலயும் வேற மாதிரி இது உண்டு. ஒரு வேகமான ஸ்வர வரிசை போட்டு நிறுத்தினா கைதட்டல் வரும்னு பாடகருக்குத் தெரியும், அந்த இடத்தை நோக்கியே பாட்டு போகும். இங்க அந்தத் தூண்டிலே கிடையாது. பாட்டு முடிஞ்சதும் ஒரு அமைதி வரும். முதல் நாள் அந்த அமைதியில என்ன செய்யணும்னு என் கைக்குத் தெரியல. ரெண்டாவது நாள் அந்த அமைதிக்காகவே போனேன். சத்தியமா சொல்றேன், தம்புரா சத்தத்தை நான் முதல் தடவை முழுசா கேட்டது அங்கதான்.

இப்போ அடுத்த விஷயம். இந்த மண்டபத்துல 2006 வரைக்கும் பெண்கள் பாடக்கூடாது. உள்ள வந்து உட்காரவும் கூடாது. யோசிச்சுப் பாருங்க. உள்ள இருக்கிறது சரஸ்வதி. மூணு தெய்வம் நடந்து வருது, அதுல ரெண்டு பேர் பெண்கள். ஒம்பது பாட்டும் தேவியைப் பத்தினது. ஆனா பாட்டு பெண் குரல்ல வரக்கூடாது. கேட்டா, வழக்கம்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஸ்கூல் டூர் போயிருப்பீங்க, அங்கயும் ஒரு நவராத்திரி மண்டபம் இருக்கு. கறுப்பா, முகம் தெரியிற மாதிரி வழவழன்னு தரை, கல்தூண்கள். டூர்ல எல்லாரும் தரையைத்தான் பார்ப்போம். அடுத்த தடவை போனா மரச் சட்டகம் போட்ட பக்கத்தைப் பாருங்க. அரண்மனைப் பெண்கள் அந்தக் கண்ணிகள் வழியா ஆட்டம் பாட்டு பார்க்கிறதுக்குச் செஞ்சது. பாட்டை ரசிக்கலாம், கண்ணுல படக்கூடாது. நம்ம ஊரு மண்டபத்துல அதை மரத்துல செஞ்சு வச்சிருந்தாங்க, திருவனந்தபுரத்துல வழக்கத்துல வச்சிருந்தாங்க.

அதை உடைச்சவங்க பாறசாலை பி. பொன்னம்மாள். பாறசாலைன்னா களியக்காவிளை தாண்டினதும் வர்ற ஊர், நம்ம எல்லைக்கு அந்தப் பக்கம் காலடி தூரம். 1924ல பிறந்தவங்க. திருவனந்தபுரத்துல இப்போ ஸ்வாதித் திருநாள் பேர்ல இருக்கிற இசைக் கல்லூரி தொடங்கினப்போ அதுல சேர்ந்த முதல் பெண் மாணவி. அங்கயே முதல் பெண் ஆசிரியை. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரிக்கு முதல் பெண் பிரின்சிபால். ஸ்வாதித் திருநாள் கிருதிகளைத் தலைமுறை தலைமுறையா சொல்லிக் கொடுத்தவங்க. ஆனா அந்தக் கிருதிகளுக்கான மண்டபத்துல, அவங்க கிட்ட படிச்ச ஒரு பையன் போய்ப் பாடலாம், அவங்க பாட முடியாது.

அரச குடும்பத்துக்காரரும் பாடகருமான பிரின்ஸ் ராமவர்மா இதை மாத்தணும்னு முன்னின்னார். 2006 நவராத்திரியில பொன்னம்மாள் அந்த மண்டபத்துல பாடினாங்க. அப்போ அவங்களுக்கு வயசு 81. சாமி குத்தம் ஒண்ணும் நடக்கல. பானைகள் அதே மாதிரிதான் ஒலிச்சிருக்கும், தாளம் தப்பல. 2017ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க, 2021ல காலமானாங்க. வரவேண்டிய மேடை 81 வயசுல வந்ததை நாம கொண்டாடுறோம், சரி. ஆனா 30 வயசுல, 45 வயசுல, குரல் உச்சத்துல இருந்த அந்த வருஷங்கள்ல அந்த மண்டபம் எதைக் கேக்காம விட்டுச்சு? அந்த ரெக்கார்டிங் எங்கயும் கிடைக்காது.

ரெண்டு வருஷம் முன்னாடி என் ஆச்சியைக் கூட்டிட்டுப் போனேன். ஆச்சிக்கு 78 வயசு, தக்கலைக்காரி. சின்னப் பிள்ளையிலேருந்து ஒவ்வொரு வருஷமும் ரோட்டோரத்துல நின்னு சரஸ்வதியை வழியனுப்பி, திரும்பி வரும்போது மறுபடியும் நின்னு கும்பிட்டவங்க. அங்க போய் அம்மன் என்ன செய்யிறான்னு அவங்க பார்த்ததே இல்ல. அன்னைக்கு அஞ்சாம் நாள், பைரவி. பாடினது ஒரு பெண். ஆச்சிக்கு ராகம் எல்லாம் தெரியாது. கண்ணை மூடாம, அசையாம ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க. வெளிய வந்ததும், "யாரும் கைதட்டல பாத்தீங்களா?"ன்னு கேட்டேன். "சாமி கும்பிடும்போ எவனாவது கைதட்டுவானாலே?"ன்னாங்க. அது அவங்களுக்கு ஒரு விஷயமாவே படல. அப்புறம் ஆட்டோவுல ஏறினதும்தான் கேட்டாங்க, "இந்தப் பிள்ளை பாடினதுல என்ன குறைஞ்சு போச்சுன்னு இத்தனை காலம் விடாம வச்சிருந்தானுவ?" எனக்குப் பதில் தெரியல. ஆட்டோக்காரர் மலையாளத்துல ஏதோ சொன்னார், ஆச்சி அதுக்கும் சண்டைக்குப் போனாங்க.

நான் ஒரு புரோகிராமர். பழைய கோடுல கை வைக்கப் பயப்படுறவன், ஏன்னா எந்த வரியை எடுத்தா எது சரியும்னு தெரியாது. வழக்கங்களையும் அப்படித்தான் பார்ப்பேன். ஆனா கைதட்டாததை எடுத்துட்டா அங்க கேக்குற விதமே மாறிரும். நாளுக்கொரு ராகங்கிறதை எடுத்தா அது வேற ஒரு சபா. பெண்கள் தடையை எடுத்தாங்க, இசையில ஒண்ணுமே சரியல. அப்போ அது இசையைத் தாங்கின தூணே கிடையாது.

இன்னொரு வழக்கம் இன்னும் என்னை உறுத்துது. உள்ள உட்காரணும்னா ஆண்கள் வேட்டி கட்டணும், சட்டை கூடாது. கோயில் பழக்கம்தானேன்னு நிறைய பேர் கடந்து போவாங்க. ஆனா நம்ம மாவட்டத்துல மேல்துணிங்கிறது சாதாரண விஷயம் இல்ல. இதே திருவிதாங்கூர்லதான் பெரியவங்க முன்னாடி மேல்துணி போடக்கூடாதுங்கிறது சட்டமா இருந்துச்சு, தோள்சீலைப் போராட்டம் நடந்துச்சு, 1859லதான் நாடார் பெண்கள் மேல்சட்டை போட ராஜா உத்தரவு வந்துச்சு. 1936 கோயில் நுழைவுப் பிரகடனம் வரைக்கும் பல சாதிக்காரங்க கோயில் பக்கமே போக முடியாது. இதெல்லாம் பாடப் புத்தகம் இல்ல, நம்ம கூட்டுக்காரனுங்க வீட்டுக் கதை. சட்டையைக் கழட்டி மடிச்சு மடியில வச்சுக்கிட்டு உட்காரும்போது, சாமிக்குன்னு கழட்டுறோமா, ராஜாவுக்குன்னு கழட்டின பழக்கம் மிச்சமான்னு ஒரு யோசனை ஓடும். பைரவி ஆரம்பிச்சதும் மறந்துரும், அது நிஜம். ஆனா சட்டையோட வர்றவனுக்கும் அந்த பைரவி வேணும்ங்கிறது என் கட்சி. கமெண்ட்ல சண்டை போடுங்க, படிக்கிறேன்.

போகணும்னு நினைக்கிறவங்களுக்கு: டிக்கெட் கிடையாது. நாகர்கோவில்லேருந்தோ குழித்துறையிலேருந்தோ ரயில் ஏறி திருவனந்தபுரம் சென்ட்ரல்ல இறங்கினா கிழக்கே கோட்டை நடக்கிற தூரம்தான். 5:30க்கெல்லாம் போயிருங்க, போனை அமத்திருங்க. நவராத்திரியை விட்டுட்டா, ஜனவரியில பக்கத்துல குதிரமாளிகை முற்றத்துல ஸ்வாதி சங்கீதோத்ஸவம் நடக்கும், அதுவும் நல்லாருக்கும். அதுக்கும் முன்னாடி, சரஸ்வதி தக்கலையிலேருந்து கிளம்புற அன்னைக்குக் காலையில லீவு போட முடிஞ்சா ரோட்டோரத்துல வந்து நில்லுங்க. ஆச்சி முன்வரிசையில நிப்பாங்க, எனக்கும் சேர்த்து இடம் பிடிச்சு வச்சிருப்பாங்க.

அடுத்த வாரம் வில்லுப்பாட்டு. வாறேன் மக்கா.