கானகத்து மாந்தருக்கு அடைக்கலம்

(விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரி மாணவர் விடுமுறையில் வெளிநாடு சென்று, மீட்கப்பட்ட காட்டு விலங்குகளுக்குத் தொண்டு செய்யும் வழக்கம் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. கால்நடை மருத்துவமோ உயிரியலோ பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகளும் "நாங்களும் போகலாமா?" என்று கேட்கக்கூடும். "உயிர்க்கு உதவும் பணிதானே, போய் வா" என்று உடனே விடை கூறத் தோன்றும். கூறுவதற்கு முன், அப்பணியின் இயல்பை அறிந்துகொள்வது நலம். அதற்குச் சான்றாக ஒரே ஒரு நிலையத்தை இவ்வுரை எடுத்துக்கொள்கிறது.

போர்னியோ என்னும் பெருந்தீவின் வடபகுதியில் மலேசியாவின் சபா மாநிலம் உள்ளது. அங்கே சண்டக்கான் நகருக்கு அருகே, செபிலோக் என்னுமிடத்தில், 1964ஆம் ஆண்டு ஒராங்குட்டான் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ 43 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காப்புக்காடு அதற்கு உரியது. மலாய் மொழியில் 'ஓராங்' என்றால் மனிதர். 'ஊத்தான்' என்றால் காடு. 'கானகத்து மாந்தர்' என்று மனிதக் குரங்கு ஒன்றுக்குப் பெயரிட்ட அம்மொழியாளரின் உள்ளம் எண்ணி மகிழத்தக்கது.

பெயரில் உறவு கொண்டாடினாலும், வாழ்வில் மனிதர் அவ்வுயிர்க்கு இழைத்தது பெருந்தீங்கு. மரத்திற்காகவும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்திற்காகவும் காடுகள் அழிக்கப்பட்டன. குட்டியை வீட்டு விலங்காக விற்க விரும்புவோர், அதைப் பற்றுவதற்காகத் தாயைக் கொன்றனர். தாய் உயிரோடு இருக்கும்வரை குட்டியை விடாது என்பதே காரணம். ஒராங்குட்டான் தாய் ஏறத்தாழ ஏழு, எட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையே ஈனும். அத்துணைக் காலமும் ஒரே குட்டியைத் தன்னோடு வைத்து வளர்க்கும். ஆகவே ஒரு தாயின் சாவு, பல ஆண்டுகளில் ஈடுசெய்ய இயலாத இழப்பாகும். போர்னியோ ஒராங்குட்டான் அற்றுப்போகும் பேரிடரின் கடைசி நிலையில் உள்ளதென உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016இல் அறிவித்தது.

அநாதைக் குட்டிகளைக் காட்டுக்கே திருப்பி அனுப்ப முயன்ற முன்னோடிகளுள் பார்பரா ஹாரிசன் என்னும் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். அவர் 1950களில், சராவாக்கின் கூச்சிங் நகரில், தம் வீட்டிலேயே குட்டிகளை வளர்த்தார். அன்போடு வளர்ப்பது எளிது, வளர்த்ததைக் காட்டுயிராக மாற்றுவதே அரிது என்பதை அவர் போன்றோரின் பட்டறிவு உணர்த்தியது. செபிலோக் போன்ற நிலையங்களின் நடைமுறைகள் அப்பட்டறிவின்மேல் எழுந்தவை.

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானம் இவ்வவையோர் நன்கறிந்தது. மீட்பு நிலையத்தில் இந்நான்கும் நடைபெறுகின்றன. ஆயினும் ஒவ்வொன்றும் நாம் எதிர்பாராத வடிவில் நடைபெறுகிறது.

முதலில் மருந்து. மீட்கப்பட்ட குட்டி பிறவற்றோடு உடனே சேர்க்கப்படுவதில்லை. தனியே வைத்து நோய் ஆய்வு செய்யப்படுகிறது. மனிதருக்கு வரும் சளி, காய்ச்சல், காசநோய் முதலியன ஒராங்குட்டானுக்கும் தொற்றும். எனவே, மருத்துவம் செய்ய வந்த கையே நோயைக் கொடுக்கும் கையாகவும் ஆகலாம். அதனால் இத்தகைய நிலையங்களில் தொண்டு செய்ய வரும் மாணவர் முதலில் தம் உடல்நலத்திற்குச் சான்று காட்ட வேண்டும். தும்மல் கண்டால் அன்றைய பணி இல்லை.

அடுத்தது கல்வி. எந்தக் கனியை உண்பது, எந்தக் கிளை தன் எடையைத் தாங்கும், ஒவ்வொரு மாலையும் மர உச்சியில் கிளைகளை வளைத்து எவ்வாறு படுக்கை அமைப்பது என்பவற்றையெல்லாம் தாயிடம் ஆண்டுக்கணக்கில் குட்டி கற்கிறது. தாயற்ற குட்டிக்குக் கயிறுகளும் ஏணிகளும் கட்டி, ஏறப் பழக்குகின்றனர். மூத்த குட்டியோடு இளைய குட்டியைச் சேர்த்துவிடுவதும் உண்டு. தரையிலேயே இருக்க விரும்பும் குட்டியை மரத்திற்கு அனுப்புவது, பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளையை அனுப்புவது போன்ற பொறுமை வேண்டும் பணியாகும்.

மூன்றாவது உணவு. காட்டில் விடப்பட்டவற்றுக்காக மரமேடையில் காலையும் பிற்பகலும் உணவு வைக்கப்படுகிறது. அவ்வுணவு வேண்டுமென்றே சுவை மாறாமல் வைக்கப்படுகிறது. விருந்தோம்பலில் ஊறிய உள்ளத்திற்கு இது கருமித்தனமாகத் தோன்றலாம். அதன் நோக்கம் வேறு. மேடை உணவு சலித்தால்தான் அவ்வுயிர் காட்டுக் கனியைத் தேடும். மேடைக்கு யாருமே வராத நாளில் காணவந்த பயணியர் ஏமாற்றம் அடைவர். காப்பாளரோ மகிழ்வர், காடு அவற்றுக்கு உணவளிக்கத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.

நான்காவது அடைக்கலம். அபயம் என்றால் அச்சமின்மை. ஆனால் காட்டுக்குத் திரும்பும் உயிர்க்கு மனிதரைப் பற்றிய அச்சம் இருந்தே ஆகவேண்டும். மனிதரை நம்பி அருகே வரும் ஒராங்குட்டான், நாளை துப்பாக்கியோடும் வலையோடும் வருபவனையும் நம்பும். எனவே அங்கே உண்மையான அபயதானம், அவ்வுயிர் நம்மை நாடாதவாறு பார்த்துக்கொள்வதே ஆகும்.

தொண்டு மாணவரின் மனப்போராட்டம் இங்கேதான் தொடங்குகிறது. கடல் கடந்து, பெரும்பொருள் செலவிட்டு, குட்டிகளைக் கொஞ்சலாம் என்ற கனவோடு ஒருவர் வருகிறார். கிடைக்கும் பணியோ கூண்டு கழுவுதல், சாணம் அள்ளுதல், பழம் நறுக்குதல், கயிறு கட்டுதல். ஒருநாள், தாயற்ற குட்டியொன்று கம்பிக்கு அப்பாலிருந்து இரு கைகளையும் நீட்டுகிறது. எடுத்து அணைக்காதே என்கிறது நிலைய விதி. அவ்விதி இரக்கமற்றதாக அவருக்குத் தோன்றும். சற்று எண்ணினால் உண்மை விளங்கும். அவர் சில வாரங்களில் ஊர் திரும்பிவிடுவார். குட்டியோ ஒரு தாயை ஏற்கெனவே இழந்தது. வரும் மாணவர் ஒவ்வொருவரையும் தாயெனப் பற்றிப் பற்றி, மீண்டும் மீண்டும் இழக்க வேண்டுமா? நிலையாக இருக்கும் காப்பாளர் சிலரே அதற்குத் துணையாதல் வேண்டும். கைநீட்டிய குட்டியைக் கடந்து, வாளியோடு நடந்து செல்லும் அம்மாணவரின் செயலும் அன்புதான். நன்றியும் மறுமொழியும் எதிர்பாராத அன்பு அது.

எல்லா இடங்களும் இவ்வாறு நடப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 'மீட்பு நிலையம்' என்ற பெயர்ப்பலகையின்கீழ், கட்டணம் பெற்றுக்கொண்டு குட்டிகளைத் தூக்கவும் படமெடுக்கவும் விடும் இடங்களும் உலகில் உள்ளன. குரங்கினத்தைத் தழுவியவாறு எடுத்த படங்கள், அவற்றை வளர்க்கும் ஆசையைப் பிறரிடம் தூண்டும். அதனால் அத்தகைய படங்களைத் தவிர்க்குமாறு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் 2021இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டனர். ஆகவே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. வந்தவர் விலங்கைத் தொடலாமா? விலங்குகள் அங்கே இனப்பெருக்கம் செய்யப்பட்டு விற்கப்படுகின்றனவா? இயன்றவை காட்டுக்குத் திரும்புகின்றனவா? செலுத்தும் பணம் எதற்குச் செலவாகிறது? "தாராளமாகத் தொடலாம்" என்பது முதற் கேள்விக்கு விடையானால், பயணத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இறுதியாக, கடல் கடக்காமலே நம் இல்லங்களைத் தொடும் செய்தி ஒன்று. காட்டை இழந்த ஒராங்குட்டானின் கதையில் எண்ணெய்ப்பனைக்கு இடமுண்டு என்பது முன்னரே சொல்லப்பட்டது. பாமாயிலை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடுகளுள் இந்தியா முன்னிற்கிறது. மலேசியாவும் இந்தோனேசியாவும் அதனை அனுப்பும் முதன்மை நாடுகள். நியாயவிலைக் கடையிலும் அது கிடைக்கிறது. பிசுக்கோத்திலும் சவர்க்காரத்திலும் கலந்திருக்கிறது. பொட்டலத்தின் மேலுள்ள பச்சைப் புள்ளி, உள்ளே இருப்பது சைவம் என்று சொல்லும். அது விளைந்த நிலம் முன்பு யாருடைய வீடாக இருந்தது என்று சொல்லாது. புலால் மறுத்த தட்டிலும், காணாத தொலைவில் ஓர் உயிரின் துன்பம் கலந்திருக்கக் கூடும்.

இதற்காகப் பாமாயிலை அடியோடு ஒழிக்க வேண்டுமென்பது தீர்வாகாது. ஓர் ஏக்கரில் எண்ணெய்ப்பனை தரும் அளவு எண்ணெயை வேறு எண்ணெய்ப்பயிர் தருவதில்லை. மாற்றுப் பயிருக்கு இன்னும் அதிக நிலம் தேவைப்படலாம். ஏழை இல்லங்களின் அடுப்பும் அதை நம்பியுள்ளது. வசதி உள்ளோர் வீணாக்காமல் அளவோடு பயன்படுத்தலாம். காட்டை அழிக்காமல் விளைவித்ததா என்று வணிகரையும் நிறுவனத்தையும் கேட்கலாம். வணிகத்தில் ஈடுபட்டுள்ள குடும்பங்களுக்கு இக்கேள்வியைக் கேட்கும் ஆற்றல் மற்றவரைவிட அதிகம்.

ஆகவே, "போகலாமா?" என்று கேட்கும் பிள்ளையிடம் இவ்வாறு கூறலாம்: "போகலாம். தொடுவதற்காகப் போகாதே, தொடாமல் உதவக் கற்பதற்காகப் போ. திரும்பி வந்தபின், நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார். தொண்டு அங்கே முடிவதில்லை, இங்கே தொடர்கிறது."

எல்லா உயிரும் தத்தம் இடத்தில் இனிது வாழ்க.