ஒப்பித்தலும் மறுமொழியும்



இன்று நாம் பீத்தோவனின் ஒன்பதாம் வயலின் சொனாட்டாவின் முதற்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். 'குரோய்ட்சர்' எனும் பெயரால் அறியப்படும் இப்படைப்பு, 1803ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் வியன்னாவில் அரங்கேறியது. பீத்தோவனே பியானோவில் அமர்ந்தார். ஜார்ஜ் பிரிட்ஜ்டவர் வயலின் வாசித்தார்.

அதற்கு முந்தைய தலைமுறையில் இவ்வகைப் படைப்புகள் பல, 'வயலின் துணையுடன் கூடிய பியானோ சொனாட்டா' என்றே அச்சேறின. வயலின் உடன் சென்றது, உரையாடவில்லை. இப்படைப்போ வயலின் தனித்தொலிக்கத் தொடங்குகிறது. ஏ மேஜரில் அது ஒளியுடன் கூறியதைப் பியானோ ஏற்றுக் கூறுகையில், மைனரின் நிழல் படிந்துவிடுகிறது. பின்னர் வரும் விரைவுப் பகுதியிலும் இதுவே நிகழ்கிறது. அமைதியானதொரு மெட்டை வயலின் ஈ மேஜரில் பாடுகிறது. பியானோ அதனையே ஈ மைனரில் திருப்பித் தருகிறது. மெட்டு ஒன்றே, பொருள் வேறு.

கருவிகளின் இயல்பும் இதற்குத் துணைநிற்கிறது. பியானோவின் சுத்தியல் கம்பியைத் தட்டியவுடனே ஒலி தேயத் தொடங்குகிறது. வயலினின் வில்லோ ஒரே ஒலியை நீட்டவும் வளர்க்கவும் வல்லது. ஆகவே, ஒன்று கூறியதை மற்றொன்று அப்படியே கூற இயலாது. தன் குரலில்தான் கூற இயலும்.

அரங்கேற்றத்தின்போது நிகழ்ந்த ஒன்றைப் பிரிட்ஜ்டவர் குறித்து வைத்துள்ளார். பியானோ தனித்து விரைந்தோடும் ஓரிடத்தை, ஏட்டில் இல்லாதிருந்தும், அவர் வயலினில் எதிரொலித்தார். பீத்தோவன் சினக்கவில்லை, துள்ளியெழுந்து அவரைத் தழுவி, மீண்டும் வாசிக்குமாறு வேண்டினார். பின்னர் இருவரும் பிணங்கினர். படைப்பு ரொடோல்ஃப் குரோய்ட்சருக்கு உரிமையாக்கப்பட்டது. அவரோ அதனை மேடையில் ஒருபோதும் வாசிக்கவில்லை என்பர்.

இசையைக் கேட்கும் நாம் நம் வகுப்பறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாம் சொன்னதை மாணவர் சொல் பிறழாது திருப்பிச் சொன்னால் மகிழ்கிறோம். அஃது ஒப்பித்தல். கேட்டதை உள்வாங்கித் தம் குரலில் மாற்றித் தருவதே மறுமொழி. ஏட்டில் இல்லாத மறுமொழி எழும்போது நாம் சினக்கிறோமா, எழுந்து தழுவுகிறோமா?

இப்பகுதியை இருமுறை கேளுங்கள்: முதன்முறை வயலினைப் பின்தொடர்ந்து, மறுமுறை பியானோவைப் பின்தொடர்ந்து. கேட்டபின் இவ்வினாவுக்கு விடை காண்போம்.