கொடுத்தீர்களா, கொடுக்க வேண்டுமா? பிரெஞ்சுக் கடிதங்களில் வரும் ஒரு வினை வடிவம்

(மீளத் திரும்பிய குடும்பங்களுக்காக ஹட்டனில் நடந்த தகவல் நாளில் மொழி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வீட்டுத் திட்டம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடசாலை அனுமதி பற்றியெல்லாம் காலையில் கேட்டீர்கள். இப்போது ஒருவர் வந்து பிரெஞ்சு இலக்கணம் பேசப்போகிறார் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்குப் பிரான்ஸில் அண்ணனோ மருமகனோ சித்தப்பாவோ இருக்கிறார்கள் என்று கேட்டேன். நிறையக் கைகள் உயர்ந்தன. அவர்கள் அனுப்பும் படிவங்களும் அங்குள்ள அலுவலகக் கடிதங்களின் பிரதிகளும் உங்கள் கைக்கு வருகின்றன. இன்றைய பேச்சு அந்தக் காகிதங்களைப் பற்றியது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஓர் அக்கா தன் கணவரின் கோப்பு சம்பந்தமான கடிதம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். அதிலிருந்த ஒரு வினைச்சொல்லை மட்டும் கைத்தொலைபேசியில் போட்டுப் பார்த்திருக்கிறார். 'பதில் தந்துகொண்டிருந்தீர்கள்' என்று வந்திருக்கிறது. 'அப்படியென்றால் எங்கள் பதில் போய்ச் சேர்ந்துவிட்டது' என்று நிம்மதியாகக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். கடிதம் உண்மையில் சொன்னது, 'நீங்கள் பதில் தர வேண்டும்' என்பது. காலக்கெடு முடிய நாலு நாள் இருக்கும்போதுதான் என்னிடம் வந்தார். அந்த அக்கா கவனக்குறைவானவர் அல்ல. பிரெஞ்சில் அந்த இரண்டு பொருளுக்கும் ஒரே எழுத்துதான் வருகிறது.

நடந்ததற்கும் நடக்க வேண்டியதற்கும் உள்ள வித்தியாசம் தோட்டத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'இன்றைக்குப் பேர் விழுந்தது' என்பது வேறு, 'பேர் விழ வேண்டும்' என்பது வேறு. சம்பளம் 'கொடுத்தாயிற்று' என்பது வேறு, 'கொடுக்க வேண்டும்' என்பது வேறு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 2003ஆம் ஆண்டின் குடியுரிமை வழங்கும் சட்டம் என்று மூன்று தலைமுறையாக நம் வாழ்க்கை காகிதத்தில் இருந்திருக்கிறது. 'விண்ணப்பித்தவர்' என்ற சொல்லுக்கும் 'பெற்றவர்' என்ற சொல்லுக்கும் நடுவில் எத்தனை குடும்பங்கள் பிரிந்தன என்று உங்களுக்கே தெரியும்.

நடந்ததைச் சொல்லாமல், நடக்க வேண்டும் என்று விரும்புவதையும் கேட்பதையும் சொல்ல பிரெஞ்சில் தனி வினை வடிவம் இருக்கிறது. அதன் பெயர் 'சுப்ஜோங்க்தீஃப்'. தமிழிலும் இப்படிப்பட்ட வடிவம் உண்டு. 'வாழ்க' என்று சொன்னால் ஒருவர் வாழ்கிறார் என்று செய்தி சொல்லவில்லை, வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறோம். 'அவன் போகட்டும்' என்றால் அவன் இன்னும் போகவில்லை. பிரெஞ்சுக்காரர் 'வீவ் லா ஃபிரான்ஸ்' என்று சொல்வதில் உள்ள 'வீவ்' நம் 'வாழ்க'தான்.

இனி அந்த வடிவத்தை எப்படி ஆக்குவது என்று பார்ப்போம். ஒழுங்கான வினைகளுக்கு மட்டும் இன்று சொல்கிறேன். அலுவலகக் கடிதத்தில் அடிக்கடி வரும் மூன்று வினைகளை எடுத்துக்கொள்வோம்.

'தொனே' என்றால் கொடுத்தல். தோசையில் வரும் 'தோ' போல அந்த முதல் எழுத்தைச் சொல்லுங்கள். 'ராம்ப்லீர்' என்றால் படிவம் நிரப்புதல். 'ரேப்போந்த்ர்' என்றால் பதில் தருதல்.

முதல் படி: 'அவர்கள்' என்ற எழுவாயோடு வரும் நிகழ்கால வடிவத்தை எடுங்கள். அவர்கள் என்பதற்குப் பிரெஞ்சில் 'இல்'. இல் தொன், இல் ராம்ப்லிஸ், இல் ரேப்போந்த். எழுத்தில் இவை மூன்றும் ஈ, என், டீ என்ற மூன்று எழுத்துகளில் முடியும். அந்த மூன்றும் வாயில் ஒலிக்காது.

இரண்டாம் படி: அந்த மூன்று எழுத்துகளையும் வெட்டிவிடுங்கள். மிஞ்சுவது அடிச்சொல்.

மூன்றாம் படி: அடிச்சொல்லோடு புதிய விகுதியைச் சேருங்கள். 'நான்' என்றால் ஈ. 'நீ' என்றால் ஈ, எஸ். 'அவன், அவள்' என்றால் ஈ. 'நாங்கள்' என்றால் ஐ, ஓ, என், எஸ். 'நீங்கள்' என்றால் ஐ, ஈ, இசெட். 'அவர்கள்' என்றால் மறுபடி ஈ, என், டீ.

'நீங்கள்' என்பதற்குப் பிரெஞ்சில் 'வூ'. அலுவலகம் உங்களுக்கு எழுதும்போது எப்போதும் 'வூ' என்றுதான் எழுதும். ஆகவே மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த வரிசையை மறக்காதீர்கள்:

நீங்கள் கொடுக்கிறீர்கள்: வூ தொனே. நீங்கள் கொடுக்க வேண்டும் என்று: க வூ தொனியே.
நீங்கள் நிரப்புகிறீர்கள்: வூ ராம்ப்லிசே. நீங்கள் நிரப்ப வேண்டும் என்று: க வூ ராம்ப்லிசியே.
நீங்கள் பதில் தருகிறீர்கள்: வூ ரேப்போந்தே. நீங்கள் பதில் தர வேண்டும் என்று: க வூ ரேப்போந்தியே.

நடுவில் ஓர் 'இ' ஒலி நுழைகிறது, அவ்வளவுதான். காகிதத்தில் அது ஒரே ஒரு ஐ எழுத்து. கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

முன்னால் வரும் 'க' என்ற சின்னச் சொல்லைக் கவனித்தீர்களா? க்யூ, யூ, ஈ என்று எழுதுவார்கள். நம் 'என்று' செய்கிற வேலையை அது செய்கிறது. நாம் கடைசியில் 'என்று' போடுகிறோம், அவர்கள் நடுவில் 'க' போடுகிறார்கள். சுப்ஜோங்க்தீஃப் பெரும்பாலும் இந்த 'க'வுக்குப் பின்னால்தான் வரும்.

ஆனால் 'க' வந்தாலே இந்த வடிவம் என்று நினைக்கக்கூடாது. 'க'வுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'இல் ஃபோ க' என்றால் 'கட்டாயம் வேண்டும்'. கடிதத்தில் மிக முக்கியமான மூன்று சொல் இவை. 'ஜெ வெ க' என்றால் 'நான் விரும்புவது'. 'பூர் க' என்றால் 'அப்படி ஆவதற்காக'. 'அவான் க' என்றால் 'அதற்கு முன்'. 'ஜுஸ்கா ஸ க' என்றால் 'அதுவரை'. பயம், சந்தோஷம், சந்தேகம் சொல்லும்போதும் இதே வடிவம் வரும். 'ஜெ சே க', அதாவது 'எனக்குத் தெரியும்' என்று தொடங்கினால் சாதாரண வடிவம்தான். தெரிந்த விஷயம் நடந்த விஷயம் அல்லவா!

விரும்புகிறவரும் செய்கிறவரும் ஒரே ஆள் என்றால் இந்த வடிவமே தேவையில்லை. தமிழிலும் அப்படித்தான். 'நான் பதில் தர விரும்புகிறேன்' என்போம். ஆள் மாறினால்தான் 'நீ பதில் தர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்போம். 'வெய்யே' என்று தொடங்கும் வசனத்திலும் வினை மாறாது. 'வெய்யே ராம்ப்லீர்' என்றால் 'தயவுசெய்து நிரப்புங்கள்'.

இனி அந்த அக்காவுக்கு வந்த சிக்கல். 'வூ தொனியே' என்ற அதே எழுத்து இறந்தகாலத்தில் 'கொடுத்துவந்தீர்கள்' என்றும் பொருள்படும். 'நாங்கள்', 'நீங்கள்' இரண்டுக்கும் ஒழுங்கான வினைகளில் இப்படித்தான். ஆகவே ஒற்றைச் சொல்லைத் தொலைபேசியில் போட்டால் பிழை வரும். முழு வசனத்தையும் போடுங்கள். அதிலும் முதலில் 'இல் ஃபோ க' இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது உங்களிடம் கேட்கும் கடிதம். அடுத்து 'தெலே' என்ற சொல்லைத் தேடுங்கள். அது காலக்கெடு. அதன் பக்கத்தில் இருக்கும் எண்ணை வட்டமிட்டு, கடிதம் கிடைத்த திகதியைக் கடித உறையிலேயே எழுதி வையுங்கள். உறையை எறியாதீர்கள்.

பிரான்ஸில் அகதிகளின் கோப்புகளைப் பார்க்கும் அலுவலகத்தின் பெயர் ஒஃப்ப்ரா. 1952ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. அகதியாக ஏற்கப்பட்டவர்களின் பிறப்பு, விவாகப் பத்திரங்களுக்குப் பதிலாக வரும் சான்றுகளையும் அதுவே வழங்குகிறது. ஆகவே இங்கிருந்து போகும் பெயரும் திகதியும் அங்கு சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும். நம் பத்திரங்களுக்கு அங்கே பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பைக் கேட்பது வழக்கம். நான் சொல்லித்தருவது கடிதத்தைப் புரிந்துகொள்ள மட்டுமே. பதிலை அனுபவமுள்ளவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

இளம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் வளர்ந்தவர்கள் பாண்டிச்சேரித் தெருப் பலகைகளில் 'ரூ' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். அது பிரெஞ்சில் தெரு. அந்த மொழிக்கு இங்கேயும் வேலை இருக்கிறது. நுவரெலியாவுக்கும் நல்லதண்ணிக்கும் பிரெஞ்சுப் பயணிகள் வருகிறார்கள். 'இல் ஃபோ க வூ தெசாந்தியே ஆ நானுஓயா', அதாவது 'நுவரெலியாவுக்கு நீங்கள் நானுஓயாவில் இறங்க வேண்டும்' என்று ஒரு பிள்ளை ரயிலில் சொன்னால் அந்தப் பயணி திரும்பிப் பார்ப்பார். 'தெசாந்த்ர்' என்றால் இறங்குதல், 'ரேப்போந்த்ர்' போலவே மாறும். சாதாரண தரத்திலும் உயர் தரத்திலும் பிரெஞ்சு ஒரு பாடமாக உண்டு. கண்டியில் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருக்கிறது.

வீட்டுக்குப் போய்ப் பழக மூன்று வினை: மோந்தே, ஏறுதல், ஷுவாசீர், தெரிவுசெய்தல், அத்தாந்த்ர், காத்திருத்தல். 'நீங்கள்' வடிவம் வர வேண்டியது: மோந்தியே, ஷுவாசிசியே, அத்தாந்தியே. முதலில் விடையை மறைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. 'நீ பதில் தர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதற்குப் பிரெஞ்சில் வினை மாறுகிறது என்று பார்த்தோம். 'நீ பதில் தருவாய் என்று நம்புகிறேன்' என்பதற்கு மாறாது. 'ஜெஸ்பேர் க', 'நான் நம்புகிறேன்' என்று தொடங்கினால், பின்னால் வருவது நடக்கப்போகும் காரியமாகவே, சாதாரண எதிர்காலத்தில் வரும். பரீட்சையில் பிள்ளைகள் பிழைவிடும் இடம் இது. உங்கள் பிள்ளை அங்கிருந்து எழுதும் கடிதத்தில் 'ஜெஸ்பேர்' என்று இருந்தால், அவன் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, உங்கள் பதில் வரும் என்று இருக்கிறான். இன்று வீட்டுக்குப் போனதும் அவனுக்கு இரண்டு வரி எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும்.