கிழங்குக்குப் பிறை தெரியுமா?

(ஒரகடம் பக்கத்துத் தோழர்களிடையே செய்த பிரசங்கம்)



கிழங்கைத் தேய்பிறையில்தான் நட வேண்டுமென்றும், வளர்பிறையில் நட்டால் செடி மேலே போகுமே தவிரக் கீழே ஒன்றும் இறங்காதென்றும் நம்மவர்கள் சொல்லுகிறார்கள். இதற்காக நல்ல மழை ஈரத்தையும் பாழாக்கிக்கொண்டு பஞ்சாங்கம் பார்த்துக் காத்திருக்கிறார்கள். மரவள்ளி மண்ணில் பத்து மாதம் கிடக்கிறது. அதற்குள் வளர்பிறை பத்தும் தேய்பிறை பத்தும் வந்து போகின்றன. நட்ட அன்றைய பிறையை மாத்திரம் அந்தக் குச்சி ஞாபகம் வைத்துக்கொண்டிருக்குமா?

செடி கொழுத்துக் கிழங்கு இளைப்பது வாஸ்தவம். காரணந்தான் வேறு. இலையானது வெயிலைக்கொண்டு சர்க்கரை செய்கிறது. அதில் ஒரு பங்கு இலைக்கும் தண்டுக்கும் போகிறது. ஒரு பங்கு வேரில் மாவாகத் தங்குகிறது. இந்தப் பாகப்பிரிவினையில் பகலின் நீளத்துக்குச் சம்பந்தமுண்டு. விளக்கு வைத்துப் பகலை 16 மணியாக நீட்டிய சோதனைகளில் மரவள்ளியின் தண்டும் இலையும் செழித்தன. வேரின் பங்கு குறைந்தது. சர்க்கரைவள்ளிக்கும் குறுகிய பகலே ஏற்றது. வெங்காயமோ நேர்மாறு. 14 மணிக்கு மேற்பட்ட பகலுக்குப் பழகிய சீமை வெங்காயத்தை இங்கே போட்டால் தாள்தான் மிச்சம். ஏனெனில் நம் பக்கத்தில் பகல் மார்கழியில் சுமார் 11 மணி 20 நிமிஷம். ஆனியில்கூட 13 மணியை எட்டுவதில்லை.

1920-இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர், பகல் நீளத்தைப் பார்த்தே சில செடிகள் பூக்கின்றன என்பதைப் புகையிலையைக்கொண்டு ருசுப்படுத்தினார்கள். 1938-இல் ஹாம்னர், பானர் என்பவர்கள், நம்மூர்ப் புறம்போக்கிலும் முளைக்கும் மருளூமத்தையைச் சோதித்தார்கள். நீண்ட இரவின் நடுவே சிறிது வெளிச்சம் காட்டினாலே அது பூக்கவில்லை. ஆகவே செடி அளப்பது இருட்டைத்தான்.

நான் ஆடிப்பட்டத்தைப் பரிகசிக்கவில்லை. தமிழ் மாதம் சூரியனை ஒட்டியது. உழுதவன் கண்டறிந்த கணக்கு. இருட்டு நீளும் காலத்தில் பழைய சம்பா கதிருக்குத் தயாரானதை அவன் பார்த்திருக்கிறான். பிறையும் நட்சத்திரமும் நடுவில் புகுந்த தரகு.

இப்போது உங்கள் ஊருக்கு வேறொரு நிலவு வந்திருக்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று தொழிற்சாலைகள் வந்தன. சாலையெங்கும் இரவு முழுதும் விளக்கு. அது தேய்வதுமில்லை. வேலியோரத்தில் பழைய சம்பா கதிர்விடப் பிந்தினால் கண்ணேறு என்று கோழியறுக்க ஓடாதீர்கள். விளக்கடியில் உள்ளது பச்சையாகவும், தள்ளியுள்ளது கதிரோடும் நிற்கிறதா என்று நடந்து பாருங்கள். நின்றால், விளக்குக்கு மூடி போட்டு வெளிச்சத்தைச் சாலைப்பக்கம் திருப்பச் சொல்லிக் கேளுங்கள். அதுவரையில் அந்த ஓரத்தில், இருட்டைப் பொருட்படுத்தாத குறுகிய கால நெல்லைப் போடலாம்.