எல்லைக்கோட்டின் ஓரத்தில்
(கழகத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பலர் பேசிவிட்டனர். விளையாட்டைப் பற்றியும் ஒருவர் பேச வேண்டும் என்று இளைஞர்கள் விரும்பியதால் அந்தப் பொறுப்பு நம்மிடம் வந்தது. நாம் எடுத்துக்கொண்ட பொருள், லாரி கன்னிங்ஹாம் என்னும் கால்பந்து வீரரின் தொடக்க காலம். அவர் நம் நாட்டவர் அல்லர். 1956 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் பிறந்தவர். பெற்றோர் ஜமைக்காத் தீவிலிருந்து குடியேறியவர்கள். அவர் பின்னாளில் பெற்ற புகழைக் காட்டிலும், 1972 முதல் 1979 வரையுள்ள ஏழு ஆண்டுகளே நம் இளைஞர்கள் அறிய வேண்டியவை என்று கருதுகிறோம்.

அவர் ஆடிய இடத்தை முதலில் விளக்கிவிடுவோம். இங்கே பந்தாடும் பிள்ளைகளுக்கு அது தெரியும். மூத்தோருக்குத் தெரியாமல் இருக்கலாம். கால்பந்தாட்டத்தில் முன்வரிசையின் இரு ஓரங்களிலும் எல்லைக்கோட்டை ஒட்டி ஓடுகிறவரை விங்கர் என்பார்கள். முற்காலத்தில் நம்மூர் மைதானங்களில் லெஃப்ட் அவுட், ரைட் அவுட் என்று சொன்னதும் இவர்களைத்தான். எதிரணியின் காவல்காரரை ஓட்டத்தால் ஏமாற்றிக் கடந்து, மூலைவரை சென்று, கோலுக்கு எதிரே நிற்கும் தன் ஆட்களுக்குப் பந்தை அனுப்புவது அவர் வேலை. வேகம் வேண்டும், அதைவிடத் துணிவு வேண்டும். ஏனெனில் பந்தைத் தட்டிவிட்டு ஓடும் ஒவ்வொரு முறையும் அதை இழந்து போகும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அக்காலத்து ஆங்கில மைதானங்களில் எல்லைக்கோட்டிலிருந்து சில அடி தூரத்தில் மக்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். நடுவில் ஆடுகிறவருக்குக் கூட்டத்தின் ஓசை ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். ஓரத்தில் ஆடுகிறவருக்குச் சொற்கள் கேட்கும். யார் சொன்னார், எந்த முகம் சொன்னது என்பதும் தெரியும். ஆட்டம் முடியும் வரை அவர் அந்த ஓரத்தை விட்டு அகல முடியாது. கன்னிங்ஹாம் தம் இளமையைக் கழித்த இடம் அதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் வேலைக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1948இல் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பல் நூற்றுக்கணக்கான மேற்கிந்தியத் தீவு மக்களைக் கொண்டுவந்து டில்பரித் துறைமுகத்தில் இறக்கியது. அதன் பின்னரும் ஆயிரக்கணக்கானோர் வந்து பேருந்துகளிலும் மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்தனர். உழைப்பை ஏற்றுக்கொண்ட ஊர், குடியிருக்க வீடு கேட்டால் கதவைச் சாத்தியது. நிறத்தைச் சொல்லி, இன்னாருக்கு இடமில்லை என்று வாசலில் எழுதி வைத்த வீடுகளும் இருந்தன. இதை நம்மிடையே அமர்ந்திருக்கும் எவருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இலண்டனில் பிறந்த சிறுவன் லாரி பள்ளிப் பருவத்திலேயே பந்தாட்டத்தில் பெயர் பெற்று, புகழ்மிக்க ஆர்சனல் கிளப்பின் பயிற்சியில் சேர்ந்தார். 1971இல் ஆர்சனல் லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் ஒருசேர வென்றிருந்த நேரம் அது. 1972இல், பதினாறு வயதில், அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நிறத்துக்காக விலக்கினார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதே ஆண்டுகளில் அதே ஆர்சனலில் பிரெண்டன் பேட்சன் என்னும் கறுப்பின இளைஞர் முதல் அணியில் ஆடியிருக்கிறார். பந்தை வாங்கியவுடன் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு ஓடும் கட்டுப்பாடான ஆட்டம் ஆர்சனலுடையது. லாரியோ பந்தைத் தம் காலில் வைத்துக்கொண்டு எதிராளியை ஆட்டிவைப்பதில் இன்பம் கண்டவர். அதோடு பயிற்சிக்கு நேரத்துக்கு வரமாட்டார். முப்பது ஆண்டுகளாகப் பள்ளி மணி அடிக்கச் செய்தவர் என்ற முறையில் தாமதத்தை நாம் புகழ முடியாது. ஆனாலும் பதினாறு வயதுப் பையனின் தாமதத்தைக் கொண்டு அவன் கால்களின் திறமையை அளந்தவர்கள் ஓர் அளவுகோலுக்குப் பதிலாக வேறொன்றைக் கையில் எடுத்துவிட்டார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கிழக்கு இலண்டனில் ஓரியண்ட் என்ற சிறிய கிளப் ஒன்று உண்டு. இன்று லேட்டன் ஓரியண்ட் என்பது அதன் பெயர். அப்போது இரண்டாம் டிவிஷனில் ஆடிவந்தது. பெரிய பணம் கிடையாது. பெரிய கூட்டமும் கிடையாது. அதன் மேனேஜர் ஜார்ஜ் பெட்சி இந்தப் பையனைச் சேர்த்துக்கொண்டார். 1974இல் லாரி முதல் அணியில் இறங்கினார்.

பழக்கம் உடனே மாறிவிடவில்லை. ஓரியண்டிலும் தாமதமாகத்தான் வந்தார். பெட்சி அபராதம் விதித்தார். லாரிக்கு நடனத்தில் பெரும் விருப்பம். நல்ல உடை உடுத்துவதிலும் விருப்பம். இரவு விடுதிகளில் நடக்கும் நடனப் போட்டிகளில் வென்ற பரிசுப் பணத்தைக் கொண்டே அபராதத்தைக் கட்டினார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வதுண்டு. கேட்டால் சிரிப்பு வருகிறது. சிரித்த பிறகு பெட்சியை நினைத்துப் பாருங்கள். அவர் அபராதத்தையும் விடவில்லை, பையனையும் விடவில்லை. ஒழுங்கைக் காப்பதும் ஆளைக் காப்பதும் ஒருவராலேயே முடியும் என்பதை நம்மைப் போன்ற ஆசிரியர்கள் அவரிடம் கற்றுக்கொள்ளலாம். ஓரியண்டுக்காக 75 லீக் ஆட்டங்களில் 15 கோல்கள் போட்டார் லாரி. நடனக்காரரின் உடல் சமநிலை ஆட்டத்திலும் வந்து சேர்ந்தது. வேகமாக ஓடிக்கொண்டே திடீரென்று நின்று திரும்புவார். துரத்தி வந்தவர் இரண்டடி தள்ளிப் போய் நிற்பார். காலின் வெளிப்புறத்தால் பந்தை வளைத்து அனுப்புவதும் அவருக்குக் கைவந்த கலை.

வெளியூர் மைதானங்களில் அவருக்குக் கிடைத்த வரவேற்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் பந்தைத் தொட்டால் கூட்டத்தில் ஒரு பகுதியினர் குரங்கைப் போல் ஓசை எழுப்புவார்கள். வாழைப்பழங்கள் வீசுவார்கள். நேஷனல் ஃப்ரண்ட் என்னும் இனவெறிக் கட்சி மைதான வாசல்களிலேயே தன் பத்திரிகையை விற்ற காலம் அது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தமாட்டார். கால்பந்துச் சங்கமும் கேள்வி கேட்காது. எல்லாம் ஆட்டத்தின் ஒரு பகுதி என்று எண்ணிக் கடந்து போனார்கள். இத்தனைக்கும் நடுவே அந்த இளைஞர் ஓரத்திலேயே நின்று, தம் அணியினரிடம் பந்தைத் தமக்குத் தரும்படி மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பந்து வந்தால் ஓசையும் வரும் என்று தெரியும். தெரிந்தே கேட்டார். அவர் அடித்த கோல்களை விட இதையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

1977 மார்ச்சில் முதல் டிவிஷன் அணியான வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் 1,10,000 பவுண்டு மதிப்பில் அவரை வாங்கியது. அடுத்த மாதமே, ஏப்ரல் 27ஆம் நாள், ஷெஃபீல்டு நகரில் ஸ்காட்லாந்துக்கு எதிராக 21 வயதுக்குட்பட்டோர் இங்கிலாந்து அணியில் களமிறங்கினார். அந்த அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவரே. அந்த ஆட்டத்தில் கோலும் போட்டார்.

ஆல்பியனில் அவருக்குத் துணை கிடைத்தது. கட்டடங்களில் மின்பணி பார்த்துக்கொண்டே ஹேய்ஸ் என்னும் சிறு அணியில் ஆடிவந்த சிரில் ரெஜிஸ் 1977இல் வந்து சேர்ந்தார். நாம் முன்பு குறிப்பிட்ட அதே பிரெண்டன் பேட்சன் 1978இல் வந்தார். ஒரே அணியில் மூன்று கறுப்பின வீரர்கள் வாரந்தோறும் ஆடுவது அன்றைய முதல் டிவிஷனில் யாரும் காணாதது. மேனேஜர் ரான் அட்கின்சன் அவர்களை நம்பி இறக்கினார். அமெரிக்கப் பாடகியர் குழு ஒன்றின் பெயரை வைத்து ‘த்ரீ டிகிரீஸ்’ என்று அவர்களை அழைத்துப் பத்திரிகைகளுக்குப் படமும் எடுக்கச் செய்தார். அதை நல்லெண்ணம் என்பதா, விளம்பரம் என்பதா? இரண்டும் கலந்திருந்தது என்றே தோன்றுகிறது. இதே அட்கின்சன் 2004இல் ஒரு கறுப்பின வீரரைப் பற்றி இழிவாகப் பேசியது ஒலிபரப்பில் வெளியாகி, தம் தொலைக்காட்சிப் பணியைத் துறக்க நேர்ந்தது. கதவைத் திறந்துவிட்டவர் மனத்திலும் பழைய அழுக்கு தங்கியிருக்கலாம். அதற்காக, அன்று கதவு திறந்தது பொய்யாகிவிடாது.

1978 டிசம்பர் 30ஆம் நாள் நடந்த ஆட்டம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் சொந்த மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் ஆல்பியன் 5–3 என்று வென்றது. கன்னிங்ஹாம் ஒரு கோல், ரெஜிஸ் ஒரு கோல். அன்றும் கறுப்பின வீரர்கள் பந்தைத் தொட்டபோதெல்லாம் கூட்டம் கூச்சலிட்டது. தொலைக்காட்சியில் வருணனை செய்த ஜெரால்டு சின்ஸ்டட் அந்தக் கூச்சலைக் காதில் விழாதது போல் விடாமல், அது எதற்கான கூச்சல் என்பதை நேரடியாகவே சொன்னார். அக்காலத்தில் அதைச் சொல்ல ஆள் அரிது. அந்தப் பருவத்தில் ஆல்பியன் லீக்கில் மூன்றாம் இடம் பெற்றது. ஐரோப்பியப் போட்டியில் ஸ்பெயினின் வலென்சியா அணியை வெளியேற்றியது. அந்த ஆட்டங்களில் கன்னிங்ஹாம் ஆடிய விதம் ஸ்பெயின் நாட்டுப் பெரிய கிளப்புகளின் கண்ணில் பட்டது.

1979 மே மாதத்தில் விந்தையான ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஆல்பியன் வீரர் லென் கான்டெல்லோவுக்கு நிதி திரட்டும் சிறப்பு ஆட்டம். வெள்ளையர் ஓர் அணி, கறுப்பர் ஓர் அணி என்று பிரித்து ஆடினார்கள். கன்னிங்ஹாமும் ரெஜிஸும் பேட்சனும் பல கிளப்புகளின் கறுப்பின இளைஞர்களோடு சேர்ந்து ஆடினர். 3–2 என்று கறுப்பர் அணி வென்றது. இன்று கேட்டால் நமக்கு உடல் கூசுகிறது. ஆனால் ஆடியவர்கள் அதை மகிழ்ச்சியோடு ஆடினார்கள். நாடெங்கும் தனித்தனியாக, ஒவ்வோர் அணியிலும் ஒருவராக நின்று ஏச்சு வாங்கியவர்கள் ஒரே உடை மாற்றும் அறையில் பதினொருவராய் அமர்ந்த நாள் அது. வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணமும் உள்ளே இருந்தவர் எண்ணமும் வேறுபடுவது இயல்பே.

இங்கிலாந்தின் முழு அணியில் முதலில் இடம்பெற்ற கறுப்பின வீரர் விவ் ஆண்டர்சன். அது 1978 நவம்பரில். கன்னிங்ஹாம் 1979 மே 23ஆம் நாள் வேல்ஸுக்கு எதிராக ஆடினார். அந்தக் கோடையில் ரியல் மாட்ரிட் 9,50,000 பவுண்டு கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது. அந்தக் கிளப் விலை கொடுத்து வாங்கிய முதல் பிரிட்டிஷ் வீரர் அவர். ஆர்சனல் வேண்டாம் என்று அனுப்பி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. வயது இருபத்து மூன்று.

பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முதல் ஆண்டிலேயே மாட்ரிட் லீக் பட்டத்தையும் கோப்பையையும் வென்றது. 1980 பிப்ரவரியில் பார்சிலோனாவின் மைதானத்தில் மாட்ரிட் 2–0 என்று வென்றபோது, பகை அணியின் மக்களே கன்னிங்ஹாமுக்குக் கை தட்டினார்கள். பின்னர் கால்விரல் முறிவும் முழங்கால் காயமும் அவர் ஆட்டத்தைக் குலைத்தன. இங்கிலாந்துக்காக ஆறு ஆட்டங்களுக்கு மேல் அவர் ஆடவில்லை. அந்தத் தேர்வாளர்களின் கணக்கு நமக்கு விளங்கவில்லை. 1988இல் விம்பிள்டன் அணியுடன் எஃப்.ஏ. கோப்பையை வென்றார். 1989 ஜூலை 15ஆம் நாள் மாட்ரிடில் கார் விபத்தில் மறைந்தார். வயது 33. ஓரியண்ட் மைதானத்துக்கு அருகிலுள்ள பூங்காவில் 2017இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். மூவரும் சேர்ந்து நிற்கும் சிலை 2019இல் வெஸ்ட் பிராம்விச் நகரில் திறக்கப்பட்டது.

அந்தக் காலம் போய்விட்டதா என்று இளைஞர்கள் கேட்கலாம். 2021 ஜூலையில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் கடைசிப் பெனால்டியைத் தவறவிட்டவர் புகாயோ சாகா. அவரும் இலண்டனில் பிறந்த கறுப்பின விங்கர். கன்னிங்ஹாமை அனுப்பிவிட்ட அதே ஆர்சனலில் சிறு வயது முதல் வளர்ந்தவர். அன்று அவருக்கு வயது 19. அன்றிரவே இழிசொற்கள் வந்தன, எல்லைக்கோட்டின் ஓரத்திலிருந்து அல்ல, கைபேசி வழியாக. சில வாரங்கள் கழித்து அவர் கிளப்புக்குத் திரும்பியபோது, ஊர் பேர் அறியாத மக்கள் எழுதிய ஆதரவுக் கடிதங்களைப் பயிற்சி மையத்தின் சுவர் நிறைய ஒட்டி வைத்து அவருக்குக் காட்டினார்கள். 1977இல் கன்னிங்ஹாமுக்கு அப்படி ஒரு சுவர் இருக்கவில்லை. 2024இல் சுவிட்சர்லாந்துக்கு எதிரான காலிறுதி மீண்டும் பெனால்டிக்குச் சென்றது. பந்தை எடுத்து வைத்து உதைத்த ஐவரில் சாகாவும் ஒருவர். பந்து கோலுக்குள் சென்றது.