கைபிடித்துக் காட்ட ஒருவர் வேண்டும்

(பேலியகொடையில் வேலை செய்யும் மலையக இளைஞர்களும், ஊரிலிருந்து வந்த பெற்றோரும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவன் நான். பதினாறு வயதில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் நாட்டாமையாக மூட்டை தூக்கினேன். 2020 நவம்பரில் புதிய மெனிங் சந்தை இங்கே பேலியகொடையில் திறக்கப்பட்டது. வியாபாரம் இந்தப் பக்கம் வந்தபோது நானும் கூடவே வந்தேன். இப்போது சந்தை வேலையோடு, முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் மிளகு, கராம்பு, கறுவா விற்கிறேன். அதைப் பற்றிப் பேசும்படி சொன்னார்கள். நான் எப்படிச் சம்பாதித்தேன் என்று சொல்லப் போவதில்லை. எப்படி இழந்தேன், யார் தூக்கிவிட்டார் என்றுதான் சொல்லப் போகிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த தேயிலையிலிருந்து ஆரம்பிப்போம். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவருக்குத் தேயிலை பதனிட யார் சொல்லிக்கொடுத்தார்? இந்தியாவின் காச்சார் பகுதியில் அனுபவப்பட்ட நோபிள் என்ற தோட்டக்காரர் கொழுந்து எடுக்கவும், வாட்டவும், உருட்டவும் செய்து காட்டினார். பிறகு 1874இல் டெய்லர் டார்ஜிலிங்குக்கே போய்ப் பார்த்துப் படித்து வந்தார். ஊரே துரை என்று கும்பிட்ட மனிதர், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்க வெட்கப்படவில்லை.

நமது வீடுகளிலும் அப்படித்தான். புதிதாக மலைக்குப் போகும் பிள்ளையைத் தனியாகவா நிரையில் விடுகிறோம்? பக்கத்து நிரையில் அனுபவப்பட்ட ஓர் அக்கா நிற்பார். "மட்டக்கம்பு வைச்சுப் பாரு, முத்தின இலைய விடு, இரண்டு இலையும் மொட்டும் எடு" என்று சொல்லிக்கொண்டே கொழுந்து எடுப்பார். கவ்வாத்துக் கத்தியைப் பழகாத கையில் கொடுத்தால் செடிக்கும் கேடு, கைக்கும் கேடு. இதெல்லாம் தெரிந்த நாம், போனில் வியாபாரம் என்றதும் மட்டும் யாரையும் கேட்காமல் இறங்கிவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் இறங்கினேன். அம்மா ஐம்பது வயதில் வேலையிலிருந்து நின்று, ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை எடுத்திருந்தார். முப்பது வருடம் கூடை சுமந்த காசு. அதில் ஒரு பங்கை வாங்கித்தான் தொடங்கினேன். போனில் ஒருவர் வந்தார். 25,000 ரூபாய் கட்டினால் இணைய வியாபார ரகசியமெல்லாம் கற்றுத்தருவதாகவும், ஆறு மாதத்தில் இலட்சக்கணக்கில் வரும் என்றும் சொன்னார். கட்டினேன். வந்தது சில வீடியோக்கள் மட்டுமே. ஒரு கேள்வி கேட்கக் கூப்பிட்டால் போன் எடுப்பாரில்லை.

மிச்சப் பணத்துக்குச் சாமான் வாங்கி, விளம்பரம் போட்டேன். ஓடர் நிறைய வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டே மாதத்தில் கையிருப்பு கரைந்தது. விற்றுக்கொண்டே இருக்கிறேன், காசு மட்டும் குறைகிறது. ஏன் என்று தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

ஒருநாள் சந்தையில் என் முதலாளி, "என்ன தம்பி, மூட்டையவிட முகம் பாரமா இருக்கு?" என்று கேட்டார். நாற்பது வருடமாக மரக்கறி வியாபாரம் செய்பவர். முகநூல் என்றால் என்னவென்று அறியாதவர். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பழைய கொப்பியை எடுத்து, "எத்தனை வித்தாய் என்று சொல்லாதே. எத்தனை திரும்பி வந்தது என்று சொல்லு" என்றார்.

அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு மிளகுப் பார்சல், கூரியர் கூலியோடு 1,500 ரூபாய் என்று வைப்போம். சாமான் 800, பொதி செய்ய 50, கூரியருக்கு 400. மிச்சம் 250. பத்துப் பார்சல் அனுப்பினால் 2,500 ரூபாய் இலாபம் என்று மனம் சொல்லும். ஆனால் பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் முறையில், சிலர் வாங்காமல் திருப்பி விடுவார்கள். மூன்று திரும்பினால், விற்ற ஏழில் கிடைப்பது 1,750. திரும்பிய மூன்றுக்கும் கூரியரும் பொதியும் சேர்த்து நட்டம் 1,350. மிச்சம் வெறும் 400. திரும்பிய மூன்றில் ஒன்று கிழிந்து, நனைந்து வந்தால் இன்னும் 800 போகும். அப்போது கையிலிருந்து 400 ரூபாய் நட்டம்!

"இணையம் எனக்குத் தெரியாது தம்பி. ஆனா போன சாமான் திரும்பினா யார் தலையில விழும் என்று தெரியும்" என்றார் முதலாளி. அனுப்பும் முன் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார். புதியவரிடம் சிறிய முற்பணம் வாங்கச் சொன்னார். ஐம்பது கிலோ வாங்காமல் ஐந்து கிலோ வாங்கி, விற்ற பிறகு அடுத்ததை வாங்கச் சொன்னார். ஒவ்வொரு இரவும் கணக்கு எழுதச் சொன்னார். ஓடர் பாதியாகக் குறைந்தது. ஆனால் திரும்புவதும் குறைந்தது. இரண்டு வருடத்தில் அம்மாவின் பணத்தைக் கொடுத்து முடித்தேன்.

தம்பி தங்கைகளே, இணையம் புதிதுதான். வியாபாரம் பழையது. படம் எடுப்பதையும் விளம்பரம் போடுவதையும் உங்கள் வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் படிக்கலாம். கடன், நட்டம், நாணயம் இவற்றை அடிபட்டவரிடம்தான் படிக்க வேண்டும்.

அப்படியானால் நல்ல வழிகாட்டியை எப்படி அறிவது? தான் பட்ட நட்டத்தை மறைக்காமல் சொல்லுவார். "இதைச் செய்யாதே" என்று தடுப்பார். உங்கள் கணக்கைக் கேட்பார், உங்கள் காசைக் கேட்கமாட்டார். கூலி வாங்கிக் கற்பிப்பது தவறில்லை. ஆனால் இத்தனை நாளில் இவ்வளவு வரும் என்று சத்தியம் செய்பவரை நம்பாதீர்கள்.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். "பணம் கட்டு, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிடு, உனக்குப் பங்கு வரும்" என்று யாராவது லயத்துக்கு வந்தால், அது வியாபாரமல்ல. அது பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி இலங்கையில் அது குற்றம். சொந்தக்காரரே வந்து சொன்னாலும் சேமலாப நிதிப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

காசில்லாமல் ஆலோசனை கேட்கவும் இடமுண்டு. பிரதேச செயலகத்துக்குப் போய், சிறு தொழில் அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கேளுங்கள். வியாபாரப் பெயரைப் பதிவு செய்யும் வழியையும் அங்கேயே அறியலாம். சாப்பாட்டுச் சாமான் பொதி செய்து விற்பதென்றால் சுட்டுத்துண்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பிடிபட்ட பிறகு கேட்பதைவிட முன்கூட்டியே கேட்பது நல்லது. தேயிலை விற்க நினைப்பவர் தேயிலைச் சபையை விசாரிக்காமல் ஒரு பைக்கற்றும் கட்ட வேண்டாம். சிங்க இலச்சினை அந்தச் சபைக்குச் சொந்தமானது. நினைத்தவரெல்லாம் அதை அச்சடிக்க முடியாது.

முடிக்கிறேன். என் முதலாளி இப்போது சந்தைக்கு வருவதில்லை, முழங்கால் வலி. போன வாரம் பார்க்கப் போனேன். "திரும்பி வந்தது எத்தனை?" என்றுதான் முதலில் கேட்டார். ஒன்று என்றேன். "அது ஏன் வந்தது என்று கேட்டியா?" என்றார். நான் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அந்த வாடிக்கையாளருக்குப் போன் போட்டேன்.

இங்கே இருப்பவர்களில் யாராவது புதிதாகத் தொடங்குவதாக இருந்தால், சாமான் வாங்க முன் கொப்பியோடு என்னிடம் வாருங்கள். எனக்குச் சொல்லித்தந்ததை நான் உங்களுக்குச் சொல்லித்தருகிறேன்.