விசயை விடைபெற்ற வேளை



சீவக சிந்தாமணியை ‘மணநூல்’ என்று வழங்குவது பெருவழக்கு. எண்மரை மணந்தவன் கதை என்ற அளவில் வகுப்பறையிலும் அது முடிந்துவிடுகிறது. பதின்மூன்றாவதாகிய முத்தி இலம்பகத்தைத் திறப்போர் சிலரே. திருத்தக்கதேவர் நம்மை அழைத்துவந்த வாயிலிலேயே நாம் திரும்பிவிடுகிறோம். அவ்விலம்பகத்தில் முதலில் துறவு பூணுபவன் சீவகன் அல்லன். அவனைப் பெற்ற விசயை.

கட்டியங்காரன் சூழ்ச்சியால் கணவன் சச்சந்தன் மாள, நிறைசூலியாய் மயிற்பொறி ஏறிச் சுடுகாட்டில் இறங்கி மகனை ஈன்றவள் அவள். ஈன்ற அன்றே பிரிந்தாள். கந்துக்கடன் என்னும் வணிகன் குழந்தையை எடுத்துச் செல்ல, அவன் மனைவி சுநந்தை வளர்த்தாள். விசயையோ தவப்பள்ளியில் நெடுங்காலம் கழித்தாள். பின்னர் மகன் பகைவென்று அரியணை ஏறினான். இனியேனும் மகனோடு மகிழ்ந்திருக்கலாம் என்று நாம் எண்ணும் வேளையில் அவள் விடைபெறுகிறாள்.

மகன்மேல் வெறுப்பா? மருமகளிரோடு பிணக்கா? இரண்டும் இல்லை. மகன் தன் நிலையில் நிற்கும் நாளுக்கே அவள் காத்திருந்தாள், அந்நாள் வந்தது. தாய்க்குரிய கடமை நிறைந்தபின் எஞ்சுவது ‘என் மகன்’ என்னும் உரிமை ஒன்றே. அவ்வுரிமையையே நம் ஆகமம் மோகனீயம் என்கிறது. சுநந்தையும் உடன் துறந்தாள். பெற்றவளும் வளர்த்தவளும் ஒருவனுக்காகப் போட்டியிடாமல் ஒருசேரக் கைவிட்ட காட்சி அது. (ஒரு பேரனை முன்னிட்டு இரு சம்பந்தி வீட்டாரும் படும் பாட்டை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர்.) சீவகன் வருந்தினான். ஓர் உறவு இரு முனையிலும் ஒரே நாளில் கனிவதில்லை.

சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சல்லேகனை நோற்பார்க்கு விதிக்கும்போது, விட வேண்டியவற்றுள் அன்பையும் பகையையும் அடுத்தடுத்து வைக்கிறார். சுற்றத்தாரைப் பொறுத்து, அவர்களிடம் இன்சொல்லால் பொறுத்தருள வேண்டவும் சொல்கிறார். சினந்து கதவடைத்துவிட்டு ‘விட்டுவிட்டேன்’ என்பவர் பகை என்னும் மற்றொரு கயிற்றால் தம்மைக் கட்டிக்கொள்கிறார். பங்காளிகள் பத்தாண்டு பேசாதிருப்பது பற்றின்மை ஆகாது.

இதன் மறுபக்கமும் உண்டு. முதிய பெற்றோரை ஊரில் தனியே விட்டு, ‘எல்லாம் அநித்தியம்’ என்று பேசுவது அறம் அன்று. தீராத கடமை முதிர்ந்த உறவு ஆகாது, அது கடன்.

வந்தவாசி, ஆரணிப் பக்கத்துச் சிற்றூர்களில் முதியோர் மட்டுமே வாழும் நம் இல்லங்கள் உள்ளன. மகன் சென்னையிலோ கடல்கடந்தோ இருக்கிறான். அவன் மனை வாங்கும் செய்தி அயலார் வாயிலாக வருகிறது. ‘என்னைக் கேட்டானா?’ என்று தாயின் உள்ளம் எரிகிறது. சோறூட்டிய கை கணக்குக் கேட்கத் தொடங்கிய வேளை அது. அவள் மகனை விட வேண்டியதில்லை. அந்தக் கேள்வியை விட்டால் போதும். மகன் அடுத்த முறை அழைக்கும்போது, பேசுவதற்கு வேறு பொருள் கிடைக்கும்.

விசயை இரவோடு இரவாக அகலவில்லை. மகனிடம் சொல்லியே சென்றாள். அன்று கலங்கிய சீவகன், பின்னொரு நாள் சோலையில் ஒரு காட்சியைக் காண்கிறான். கடுவன் தன் மந்திக்கு ஈந்த பலாக்கனியைக் காவலன் பறித்துக்கொள்கிறான். அரசு கைமாறிய வரலாறு முழுவதும் அவன் கண்முன் விரிகிறது. பாட்டன் பெயர் தாங்கிய மகன் சச்சந்தனிடம் நாட்டை ஒப்புவித்து, அவனும் தாய் சென்ற வழியே நடந்தான்.